மரக்கட்டையும் நூறு மீட்டரும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சிறுமியருக்கென ஓட்டப்பந்தயம் ஒன்று ஆண்டுதோறும் நடைபெறுவது அன்பர்கள் அறிந்ததே. 2024ஆம் ஆண்டுப் பொங்கலன்று அந்தக் கோட்டில் நம் மகளும் போய் நின்றாள். அப்போது அவளுக்கு வயது பதினொன்று. சீட்டி ஒலிப்பதற்குள் நாம் ஓடிச் சென்று, அவள் தோளைப் பற்றி வெளியே அழைத்து வந்துவிட்டோம். "விழுந்தால் ஊன்றிக்கொள்ள முடியாதம்மா" என்று காதோடு சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. பரிசு வழங்கும் வேளையில், விழாக் குழுவினர் தங்கள் நல்ல மனத்தினால் அவளையும் மேடைக்கு அழைத்து எவர்சில்வர் டிபன் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கூட்டம் கைதட்டிற்று. நமக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது, பொய் சொல்வானேன்?

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைச் சமையலறை மாடத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஓடினவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். எனக்கு எதற்குக் கொடுத்தார்கள்?"

நம் இல்லாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நமக்கு விடை தெரியாமல் இல்லை; சொல்லத்தான் நா எழவில்லை. அந்தப் பெட்டியை அவள் ஒரு நாளும் பள்ளிக்கு எடுத்துச் சென்றதில்லை. இன்று அதில் மிளகாய் வற்றல் இருக்கிறது.

அவளுடைய இடக்கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை அளவோடு நின்றுவிட்டது. பிறவியிலேயே அப்படி. பிறந்த அன்று நாம் கலங்கினோம். பிறகு மெல்ல மெல்லப் பழகினோம். பழகினோம் என்று சொல்வதைவிட மறைக்கக் கற்றுக்கொண்டோம் என்று சொல்வதே உண்மை. இல்லாள் அவள் சட்டைகளுக்கெல்லாம் நீண்ட கை வைத்துத் தைத்தாள். புகைப்படம் எடுக்கையில் அவளை எப்போதும் இடது ஓரத்தில், பாட்டியின் முந்தானைக்குப் பின்னே நிறுத்தினோம். வட ஆர்க்காட்டிலிருந்து உறவினர் புனேக்கு வந்தால் முதலில் அவள் கையைப் பார்ப்பார்கள். பிறகு நம் முகத்தைப் பார்ப்பார்கள். "பெண் குழந்தையாயிற்றே" என்று ஒருவராவது பெருமூச்சு விடாமல் போனதில்லை. அவளோ ஒரு கையாலேயே தலை பின்னிக்கொள்வாள், சைக்கிள் ஓட்டுவாள், தேங்காய் துருவுவாள். இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டுகொண்டிருந்த நமக்கு, அவள் ஓடுவாள் என்பது மட்டும் ஏனோ தோன்றவில்லை.

நம் தொழிலையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் ரயில்வே முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா. சலுகைக் கட்டணம் கேட்டு வருவோருடைய சான்றிதழைப் பார்த்து வகைப்படுத்துவது நம் அன்றாட வேலை. பார்வை முற்றிலும் இழந்தோர், செவித்திறனும் பேச்சுத்திறனும் ஒருங்கே இல்லாதோர், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடலியக்கக் குறையுடையோர், அவ்வாறே துணை வேண்டியிருக்கும் அறிவுத்திறன் குறையுடையோர் என்று உடற்குறைக்கான சலுகையில் நான்கு வகைகள் உண்டு. அந்த நான்கில் அடங்காதவருக்குச் சலுகை இல்லை. ஒரு கண் பார்வை இழந்தவர் வந்து கேட்பார், இல்லை என்போம். ஒரு கை இழந்தவர் கேட்பார். அவருக்கும் இல்லை என்போம். நம் மகளே வந்து நின்றாலும் அதே விடைதான், ஏனெனில் அவள் தனியே பயணம் செய்ய வல்லவள். விதி அப்படிச் சொல்கிறது. அந்த விதியை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த நாமே, அவள் தனியே நூறு அடி ஓட மாட்டாள் என்று தீர்மானித்திருந்தோம்.

2024 செப்டம்பர்த் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் பாராலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாள் இரவு மகள் நம் கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய் மூலையில் அமர்ந்திருந்தாள். பெண்கள் பாட்மிண்டன் எஸ்.யூ. 5 பிரிவின் அரையிறுதி ஆட்டம். அது கைக்குறை உடையோருக்கான பிரிவு. வலையின் இருபுறமும் நின்றவர்கள் இருவருமே தமிழ்நாட்டுப் பெண்கள்: துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ். முதல் ஆட்டத்தைத் துளசிமதி 23-21 என்று மயிரிழையில் வென்றார். இரண்டாவதையும் 21-17 என்று வென்றார். பிறகு அவருக்கு வெள்ளியும் மனிஷாவுக்கு வெண்கலமும் கிடைத்தன. அதே பாட்மிண்டனில் வேறொரு பிரிவில் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் பெற்றார். பாட்டிக்கு நம் மாநிலத்து வீரர்களில் மாரியப்பன் ஒருவரைத்தான் தெரியும். "அந்தச் சேலத்துப் பிள்ளை இந்தத் தடவையும் தாண்டினானா?" என்று கேட்டாள். தாண்டினார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி, பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அந்தப் போட்டிகளில் பாரதம் பெற்ற பதக்கங்கள் மொத்தம் 29.

ஆனால் மகளின் மனத்தைப் பிடித்தது பதக்கங்கள் அல்ல. அரையிறுதி முடிந்ததும் அவள் சொன்ன சொல் வேறு: "அப்பா, இரண்டு பேருக்குமே கை சரியில்லை. ஆனாலும் ஒருத்தி மற்றவளைத் தோற்கடித்துவிட்டாள், பார்த்தீர்களா? யாரும் பாவம் என்று சொல்லவில்லை." அதைச் சொல்கையில் அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நாம் அதற்கு முன் கண்டதில்லை. தோல்வியைக் கண்டு ஒரு குழந்தை இப்படி மகிழுமா என்று அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தோம்.

அதன் பிறகுதான் நாம் விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில், இந்த விளையாட்டின் வரலாற்றில் நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணுக்கே ஒரு முதலிடம் உண்டென்று தெரிந்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. சாங்லி மாவட்டத்தில் பிறந்த முரளிகாந்த் பேட்கர் படையில் பணியாற்றியவர். குத்துச்சண்டை வீரர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து, முதுகெலும்பில் ஒன்று தங்கிவிட்டது. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஐம்பது மீட்டர் நீச்சலை 37.33 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் பாரதத்துக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது 2018இல்! இடையே நாற்பத்தாறு ஆண்டுகள். நம் காரியாலயத்துக் கோப்புகள்கூட அவ்வளவு காலம் கிடப்பதில்லை.

பாராலிம்பிக்கே போரில் காயமுற்றவர்களிடமிருந்து பிறந்ததுதான். 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேருக்கு வில்வித்தைப் போட்டி ஒன்று நடத்தினார். 1960இல் ரோம் நகரில் அது இருபத்துமூன்று நாடுகளின் போட்டியாக வளர்ந்தது.

பார்சல் பிரிவில் பணிபுரியும் நண்பர் ஒருவர், கட்கிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் காலை வேளைகளில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறார் என்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு போனோம். அவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். அவளுடைய கை எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், பேட்டா?" என்பதே முதற்கேள்வி. ஆறு மணி என்றாள். "இனி ஐந்து" என்றார். பிறகு நம்மைப் பார்த்து, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தைக் காட்டி, "நீங்கள் அங்கே உட்காருங்கள்" என்றார். மராட்டியில் அவர் சொன்ன தோரணையில் அது வேண்டுகோளாக இல்லை.

முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம் தெரிந்தது. குறுகிய தூர ஓட்டத்தில் குனிந்து, இரு கைகளையும் தரையில் ஊன்றிப் புறப்படுவது வழக்கம். நம் மகளுக்கு வலக்கை தரையைத் தொடும்; இடக்கை தொங்கும். உடல் இடப்பக்கம் சாய்ந்து, எழும் வேகத்தில் முதல் இரண்டு அடிகள் கோணலாகப் போகும். இரண்டு முறை விழுந்தாள். நாம் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்தோம், ஆசிரியர் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் அமர்ந்தோம். பயிற்சி முடிந்ததும் அவர் சொன்னார்: "ஒரு கட்டை செய்துகொண்டு வாருங்கள். கையின் நுனி அதன் மேல் இருக்க வேண்டும். தோள் இரண்டும் சமமாக வேண்டும். போட்டியிலும் அனுமதி உண்டு. தொடக்கக் கோட்டுக்குப் பின்னே வைத்தால் போதும்."

அன்று மாலை ரயில்வே குடியிருப்பில் உள்ள தச்சரிடம் போனோம். மகளைக் குனிந்து நிற்கச் சொல்லி, அவள் கைநுனியிலிருந்து தரை வரை அளவு நாடா பிடித்தோம். பதினோரு ஆண்டுகளில் அந்தக் கையை நாம் அளந்தது அதுவே முதல் தடவை. எவ்வளவு இல்லை என்று மனத்தால் அளந்தது எத்தனையோ முறை. எவ்வளவு வேண்டும் என்று நாடாவால் அளந்தது அன்றுதான். தச்சர் தேக்குத் துண்டு ஒன்றை இழைத்து, மேலே சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். அந்தக் கட்டையைச் சுமந்து செல்வது அன்றுமுதல் நம் உத்தியோகமாயிற்று.

அந்த மைதானத்தில் நாம் கண்டவை பல. பார்வையற்ற மாணவி ஒருத்தி கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு, துணையாக ஓடும் இளைஞனோடு கயிற்றால் கையைப் பிணைத்துக்கொண்டு ஓடுவாள். அந்த இளைஞன் அவளைவிட வேகமாக ஓடக்கூடியவன். ஆனால் முடிவுக் கோட்டை அவன் அவளுக்கு முன்னே தாண்டிவிட்டால் ஓட்டம் செல்லாது. கடைசி அடியில் அவன் தன்னை எப்படிப் பிடித்து நிறுத்திக்கொள்கிறான் என்பதை வேப்பமரத்தடியிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறோம்.

போட்டிக்குச் செல்வதானால் வகைப்பாடு என்று ஒன்று உண்டு. இதைப்பற்றி அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்டதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம். அரசு வழங்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேறு, விளையாட்டு வகைப்பாடு வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கூறுகிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு இருந்தால்தான் வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகள் கிடைக்கும். விளையாட்டிலோ விழுக்காடு பேசுவதில்லை. இந்தக் குறை இந்த விளையாட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதே கேள்வி. ஓட்டத்தில் டி என்ற எழுத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்வார்கள். பத்துகளில் பார்வைக் குறை, இருபது அறிவுத்திறன், முப்பதுகளில் மூளை சார்ந்த தசை இயக்கக் குறை, நாற்பதுகளில் குறு உருவமும் கைகால் குறையும், ஐம்பதுகளில் சக்கர நாற்காலி, அறுபதுகளில் செயற்கைக் கால். முதலில் உடலைச் சோதிப்பார்கள், பிறகு ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள், அதன்பின் போட்டியிலும் கவனிப்பார்கள்.

விண்ணப்பத்தோடு குறை நன்கு தெரியும்படியான முழு உருவப் புகைப்படம் ஒன்றும் வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். வீட்டில் ஆல்பம் மூன்று இருக்கின்றன. மூன்றையும் புரட்டினோம். அவள் கை தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. இல்லாள் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கைகளை வெட்டத் தொடங்கினாள். கத்தரிக்கோல் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. மறுநாள் அந்தச் சட்டையோடு படம் எடுத்தோம். பாட்டிக்குத்தான் மனம் ஆறவில்லை. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கையில் இந்தப் படம் கிடைத்தால்?" என்றாள். கிடைக்கட்டுமே என்று சொல்ல நமக்கு அப்போது துணிவு வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டோம்.

வகைப்பாட்டு நாளன்று ஓர் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் பெற்றோரும் பிள்ளைகளுமாக அமர்ந்திருந்தோம். நமக்கு முன்னே ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும். எந்திரத்தில் சிக்கி வலக்கையின் விரல்கள் எல்லாம் போய்விட்டன, உள்ளங்கை இருக்கிறது. அவன் தந்தை வெகு தொலைவிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்தவர். அவர்கள் உள்ளே சென்று கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். கை மணிக்கட்டோடு போயிருந்தால்தான் இந்தப் பிரிவில் சேர முடியும். விரல்கள் மட்டும் இல்லாதது போதாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தந்தை நம்மிடம் கேட்டார்: "இந்தக் கையால் இவனுக்கு ஒரு வேலையும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இங்கே வந்தால் இவன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். நான் எதை நம்புவது?"

நாம் என்ன சொல்வோம்? சாளரத்துக்கு அப்பால் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் நாம் விதி எண்ணைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அன்று பெஞ்சில் அமர்ந்து கேட்கையில்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. விதி தவறென்று சொல்ல முடியாது. கோடு ஒன்று எங்கேனும் கிழிக்கத்தானே வேண்டும்? மணிக்கட்டு உடையவன் அஃதில்லாதவளோடு ஓடினால் அது பந்தயமாகாது. ஆயினும் அந்தப் பையன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கிப் போன காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம் மகளை அழைத்தார்கள். கையை அளந்தார்கள், தோளை அசைக்கச் சொன்னார்கள், ஓடச் சொன்னார்கள். டி 47 என்று எழுதிக் கொடுத்தார்கள். முழங்கைக்குக் கீழ் ஒரு கை குறைந்தவர்கள் ஓடும் பிரிவு அது. வெளியே வந்ததும் அவள் கேட்டது, "டி 47இல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பதே.

ஆறு பேர் இருந்தார்கள். மாநில அளவிலான அந்தப் போட்டியில், அவள் வயதுக்குரிய நூறு மீட்டர் ஓட்டத்தில், மொத்தம் ஏழு சிறுமிகள் கோட்டில் நின்றார்கள். கட்டையை வைத்துவிட்டு நாம் விலகி வந்தோம். ஏழு பெண்களும் குனிந்தார்கள். ஏழு பேருக்கும் ஒவ்வொரு கை குறை. அந்தக் கோட்டில் இரண்டு கை உடையவர் ஒருவரும் இல்லாமையால், குறை என்பது நம் கண்ணுக்கே சில நொடிகள் தெரியாமற்போயிற்று. துப்பாக்கி வெடித்தது. நம் மகள் நேராகவே புறப்பட்டாள். பாதி வழி வரை நான்காவதாக இருந்தாள். பிறகு தோள் இறுகி, தலை மேலே போய், கால் கனத்து, ஆறாவதாக வந்து சேர்ந்தாள். பதினேழு வினாடிக்குச் சற்று மேல்.

அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். நாம் வழக்கம்போலத் தோளைப் பற்றப் போனோம். ஆசிரியர் நம் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்கள். அவள் இப்போதுதான் முதல் தடவையாகத் தோற்றிருக்கிறாள். அதை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்" என்றார்.

கால் மணி நேரம் கழித்து அவளைத் தேடினால், முதலாவதாக வந்த பெண்ணோடு ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விதர்ப்பப் பகுதியின் ஒரு சிற்றூர்ப் பெண் அவள். அவளுக்கு வலக்கை குறை. இருவரும் கட்டைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கட்டை மரமே அல்ல. பழைய ரப்பர்ச் செருப்புகளை வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. உயரம் கூடினால் இன்னோர் அடுக்கு ஒட்டிக்கொள்வாளாம். நம் தேக்குக் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வளராதே" என்றாளாம். மகள் அதை நம்மிடம் சொல்லிச் சிரித்தாள். அழுத கண் இன்னும் சிவந்திருந்தது.

அவள் சொன்னது மெய். இரண்டே ஆண்டுகளில் நம் மகள் ஒரு சாணுக்குமேல் வளர்ந்துவிட்டாள். கட்டை பழைய உயரத்திலேயே நிற்கிறது. தோள் மறுபடியும் சாய்கிறது என்று ஆசிரியர் சென்ற மாதம் சொன்னார். அந்த வாரத்திலேயே பாட்டியின் ரப்பர்ச் செருப்பில் ஒன்று காணாமற்போயிற்று. பாட்டி வீடு முழுதும் தேடிவிட்டு, "ஒன்றை மட்டும் எந்தத் திருடன் கொண்டுபோவான்?" என்று வியந்தாள். பசைப் புட்டியும் கத்தியும் கட்டிலுக்கடியில் இருப்பதை நாம் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டோம். ஒரு கையால் ரப்பரை வெட்டுவது எளிதன்று. முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு வெட்டுகிறாள்.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிச் சங்கச் செயலாளர் சென்ற ஞாயிறன்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுமியர் ஓட்டம் என்ற பக்கத்தில் மகளின் பெயரை எழுதினோம். செயலாளர் கனிவோடு, "சிறப்புப் பரிசு ஏதேனும் ஏற்பாடு செய்துவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். மண்தரையில் கட்டை வைத்து ஓடலாமா என்று மட்டும் குழுவைக் கேட்டுச் சொல்லுமாறு வேண்டிக்கொண்டிருக்கிறோம்; விடை இன்னும் வரவில்லை.